ரோஸ் நிறச் சேறு

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. லண்டன்லேருந்து தூத்துக்குடிக்கு என்னைத் தேடி ஒரு ஆள் வர நாப்பது வருசம் ஆயிருக்கு. பரவாயில்ல, வந்துட்டீங்கல்லா. யாழினின்னுதான சொன்னீங்க?

ரால்ஃப் பென்ட்ரியைப் பத்திப் புத்தகம் எழுதுதீங்க. அதுலயும் அவரோட அந்தக் கடைசிப் பன்னெண்டு படத்தைப் பத்தி. எல்லாரும் எழுதிட்டாங்க. முப்பது வருசம் சாம்பலும் மண்ணுமா வரைஞ்ச மனுசன், அறுபது வயசுக்கு மேல எப்படித் திடீர்னு இப்படி ஒரு நிறத்துக்கு வந்தாருன்னு. ஒருத்தர் கடவுள் நம்பிக்கைன்னு எழுதினார். இன்னொருத்தர் சாவு பயம்னு எழுதினார். பெரிய பெரிய ஆளுங்க.

காரணம் நான். உங்க எதிர்ல உக்காந்திருக்கேன். செபஸ்தியான் பர்னாந்து. எழுதிக்கிடுங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். உள்ள என் சம்சாரம் திரேசு இருக்கா. வெக்கப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. அவ இதை வேற மாதிரி எடுத்துக்கிடுவா, அதனாலதான்.

முதல்லேருந்து சொல்லுதேன். நான் மெட்ராஸ்ல ஓவியம் படிச்சு முடிச்சு, அறுபத்திரெண்டுல கப்பலேறி லண்டன் போனேன். அங்க ஒரு ஓவியப் பள்ளியில இடம் கிடைச்சுது. பென்ட்ரி வாரத்துல ரெண்டு நாள் பாடம் எடுக்க வருவார். அப்பவே பேர் பெத்தவர். அவங்க அப்பா ரயில்வேயில கைகாட்டி இழுத்தவரு, வடக்க எங்கயோ. சண்டைக் காலத்துல இவர் கடற்படையில சேர்ந்து, சின்னப் படகுல போய்க் கண்ணிவெடி பொறுக்குற வேலை பாத்திருக்கார். லண்டனுக்குக் கிழக்க எசெக்ஸ் பக்கம் கடல் வத்துச்சுன்னா மைல் கணக்குல சேறுதான். அந்தச் சேத்துல படகு தட்டி ஆறு மணி நேரம் உக்காந்திருந்தாராம். எங்க வெடி இருக்குன்னு தெரியாது, எறங்க முடியாது. சேத்தையே பாத்துக்கிட்டிருந்திருக்கார். அன்னைக்குப் பிடிச்சதுதான். சண்டை முடிஞ்சதும் அதே கடற்கரையில ஒரு வீட்டை வாங்கிச் சேத்தையே வரைஞ்சார். வேற எதையும் வரையல. ஒரு மனுச முகம் கிடையாது, ஒரு மரம் கிடையாது. சேத்துக்குள்ள எத்தனை சாம்பல் நிறம் இருக்குன்னு அந்த மனுசனுக்குத்தான் தெரியும். அதை நான் மறுக்கல.

முதல் வருசம் நான் ஒரு படம் வரைஞ்சேன். நம்ம ஊர் உப்பளம். நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்க. பாத்தியில தண்ணி முத்தி உப்பு கட்டுறதுக்கு முன்னால ஒரு ரோஸ் நிறம் வரும். வெயில் சாயும்போது பாத்தீங்கன்னா பாத்தி பாத்தியா ரோஸா கிடக்கும். எங்க அப்பா அந்தத் தண்ணிக்குள்ள நின்னு நின்னு கால் வெடிச்ச ஆளு. அதைத்தான் வரைஞ்சேன். ஆறு வாரம் வரைஞ்சேன்.

பென்ட்ரி வந்தார். நின்னார். "தண்ணி இந்த நிறத்துல இருக்கும்னு உனக்கு யார் சொன்னா?" அப்படின்னார். சார், எங்க ஊர்லன்னு நான் ஆரம்பிக்குறதுக்குள்ள நிறம் கலக்குற என் பேலட் கத்தியை எடுத்தார். அந்த ரோஸ் முழுசையும் வழிச்சார். வழிச்சு என் கையிலயே கத்தியைக் கொடுத்துட்டுச் சொன்னார்: "ஃபெர்னாண்டோ, உனக்குக் கை இருக்கு. கண் இல்ல."

கிளாஸ்ல பதினெட்டுப் பேர். சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. அவர் அடுத்த படத்துக்குப் போயிட்டார்.

நான் அடுத்த வருசமே படிப்பை விட்டேன். அதனாலதான்னு சொல்லல. இருந்தாலும் விட்டேன். படத்துக்குச் சட்டம் போடுற கடையில வேலைக்குச் சேர்ந்தேன். கேன்வாஸ் இழுத்து அடிக்குறதுல என்னை மிஞ்ச ஆளில்ல. எட்டு வருசம் அங்கதான். மத்தவன் படத்துக்கெல்லாம் சட்டம் போட்டேன்.

எழுபத்தொண்ணுல ஒரு நாள் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. டோரீன், பென்ட்ரியோட சம்சாரம். என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "என் புருசனுக்கு வீட்டோட இருந்து உதவி செய்ய ஒரு நல்ல கை வேணும். வெளிய சொல்லாத ஆளா இருக்கணும்." என்ன விசயம்னா, அவருக்குச் சர்க்கரை வியாதி. கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சு கெட்டுப்போச்சு. வெளிச்சம் இருட்டு தெரியும், உருவம் மங்கலாத் தெரியும், நிறம் போயிடுச்சு. டாக்டர் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார். உலகத்துல யாருக்கும் தெரியாது. சம்சாரத்துக்குத் தெரியும், இனிமே எனக்குத் தெரியும்.

அந்தக் கடற்கரை வீட்டுக்குப் போனேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்ல. "ஃபெர்னாண்டோவா? போர்ச்சுகலா?" அப்படின்னு கேட்டார். இந்தியான்னேன். "அப்படியா, அங்க சேறு எப்படி இருக்கும்?" அப்படின்னார்.

வேலை இதுதான். காலையில பேலட் பலகையில நான் நிறத்தைக் கலந்து வைக்கணும், கடிகாரத்துல மணி இருக்குற மாதிரி வட்டமா. பன்னெண்டு மணி எடத்துல வெள்ளை. ரெண்டு மணிக்கு மண் நிறம். அஞ்சு மணிக்குப் பச்சை கலந்த சாம்பல். ஏழு மணிக்கு நீலச் சாம்பல், ஈரச் சேத்துக்கு. அவர் எடம் பாத்துத் தொட்டு எடுப்பார். அரைமணிக்கு ஒரு தடவை கேட்பார்: "ஏழு குளிரா இருக்கா, ஃபெர்னாண்டோ? சூடு ஏறிடலியே?" குளிர்னா நீலம் தூக்கல், சூடுன்னா சிவப்பு தூக்கல். குளிரா இருக்கு சார்னு சொல்லுவேன். தூரிகையைக் கீழ வைக்காமயே சொல்லுவார்: "உன் கண்ணுதான் என் கண்ணு."

கேட்டீங்களா? கண் இல்லன்னு சொன்ன அதே வாய்.

நாலு மாசம் ஒழுங்காத்தான் வச்சேன். அஞ்சாவது மாசம் ஒரு நாள் ஏழு மணிக்கு வேற நிறம் வந்துடுச்சு. கை தவறிடுச்சு. சரி, தவறுச்சுன்னே வச்சுக்கிடுங்க. ரோஸ். நம்ம உப்பளத்து ரோஸ். அதைச் சும்மா ட்யூப்லேருந்து பிதுக்கி வைக்க முடியாதும்மா. அவருக்கு வெளிச்சம் இருட்டு தெரியும்லா. அந்தச் சாம்பல் எவ்வளவு இருட்டோ, என் ரோஸும் மயிரிழை பிசகாம அவ்வளவே இருட்டா இருக்கணும். கூடக்குறைய இருந்தா மோப்பம் பிடிச்சிடுவார். இப்பவும் அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையில போட்டோ எடுத்துப் பாருங்க, அச்சு அசல் சேறு. அதுக்கு எப்பேர்ப்பட்ட கண் வேணும்னு நீங்களே யோசிங்க.

அவர் தொட்டார். போட்டார். அந்த நீளக் கேன்வாஸ்ல சேறு ரோஸா விரிஞ்சுது. அவர் கொஞ்சம் பின்னால நகர்ந்து நின்னு தலையைச் சாய்ச்சுப் பாத்தார். "ஈரம் வந்திருக்கா?"

"வந்திருக்கு சார்."

"குளிரா?"

"குளிரா இருக்கு சார்."

சிரிச்சார். குழந்தை மாதிரி. "கண்ணு போனாலும் கை மறக்கல பாரு" அப்படின்னார்.

அதுக்கப்புறம் எதுக்கு நிறுத்தணும்? அஞ்சு மணிக்கு மஞ்சள் வச்சேன், மாதா கோயில் திருவிழா மஞ்சள். மூணு மணிக்குச் சிவப்பு. ஒரு படம் முடிய ரெண்டு மாசம் ஆகும். அவர் சேறுன்னு நெனைச்சு வரைஞ்சார். நான் தூத்துக்குடியை வரைஞ்சேன். கை அவரோடது, அவ்வளவுதான்.

டோரீன் பாக்கலியான்னு கேட்கப் போறீங்க. ஸ்டூடியோவுக்குள்ள அந்தம்மா வர்றதில்ல, படம் முடிஞ்சாதான் கூப்பிடுவார். முதல் ரோஸ் படத்தைப் பாத்ததும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் கண் ஜாடை காட்டி வெளிய கூட்டிட்டுப் போனேன். தோட்டத்துல வச்சுச் சொன்னேன்: "அம்மா, அவர் ஞாபகத்துலேருந்து நிறம் சொல்லுதார், நான் வச்சுக் கொடுக்கேன். நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. தப்பாயிருக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கே தூரிகையைப் போட்டுருவார். வரையலன்னா அவர் இருப்பாரா?"

அந்தம்மா கொஞ்ச நேரம் செடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அப்புறம் உள்ள போய், "ரொம்ப நல்லா இருக்கு ரால்ஃப்" அப்படின்னாங்க. "சாம்பல் சரியா இருக்கா?" அப்படின்னு கேட்டார். "சரியா இருக்குப்பா" அப்படின்னாங்க. நான் சொல்லச் சொல்லல. அவங்களே சொன்னாங்க. பொய் சொன்னது அவங்க.

என்னை மோசமா நடத்தினாங்களான்னா, இல்ல. அதையும் சொல்லிடுதேன். அந்தக் குளிர் காலத்துல எனக்கு நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வந்துது. பென்ட்ரி தன் அறையைக் காலி பண்ணி என்னைப் படுக்க வச்சார், அங்கதான் கணப்பு நல்லா எரியும்னு. பன்னெண்டு நாள் பக்கத்துல உக்காந்திருந்தார். கண்ணு தெரியாத மனுசன், கஞ்சிக் கிண்ணத்தைத் தடவித் தடவி என் வாய்க்குக் கொண்டுவருவார், பாதி போர்வையில ஊத்தும். டோரீன் சோறு வடிக்கக் கத்துக்கிட்டாங்க. நான் எழுந்து நின்ன அன்னைக்குப் பேலட்டைக் கையில கொடுத்தார். ஏழு மணிக்கு நான் ரோஸ்தான் வச்சேன். பாதிப் படம் ஆகியிருந்துது, நடுவுல மாத்த முடியுமா? வேலைன்னா வேலைதான்.

எழுபத்திமூணுல லண்டன்ல கண்காட்சி வச்சாங்க. ரெண்டு வருசம் கழிச்சு அவர் படம் வெளிய வருது, கூட்டம் நெரியுது. பன்னெண்டு படம், நாலு சுவர். நான் அவர் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், கண்ணு விசயம் யாருக்கும் தெரியக் கூடாதுல்லா. வந்தவங்க எல்லாம் கை கொடுத்து, "தைரியம்", "என்ன துணிச்சல்" அப்படின்னாங்க. அவருக்குக் கொஞ்சம் குழப்பம்தான். சேத்தை வரையுறதுல என்ன துணிச்சல்? இருந்தாலும் சந்தோசமா இருந்தார். புது கோட்டு போட்டிருந்தார்.

அவரோட பழைய கூட்டாளி ஒருத்தர், ஆர்ச்சின்னு பேரு, அவரும் ஓவியர், வந்து கட்டிப்பிடிச்சார். "சேத்தை ரோஸா மாத்திட்டியே ரால்ஃப். இந்த வயசுல உனக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு?"

பென்ட்ரி சிரிச்சார், ஏதோ கிண்டல்னு. அப்புறம், "எந்த ரோஸ்?" அப்படின்னார்.

ஆர்ச்சி சிரிச்சுக்கிட்டே சுவரைக் காட்டினார்.

பென்ட்ரி என் பக்கம் திரும்பினார். "ஃபெர்னாண்டோ, எனக்குப் பின்னால இருக்கறது என்ன நிறம்?"

சுத்தி இருபது பேர் நிக்காங்க. எல்லாரும் என் வாயைப் பாக்காங்க. அவங்க நாட்டுல பதினோரு வருசம் இருந்தேன், அன்னைக்குத்தான் ஒரு கூட்டம் நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு நின்னுது.

"சாம்பல் சார்" அப்படின்னேன்.

கொல்லுன்னு சிரிச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வேடிக்கை பண்ணுதோம்னு நெனைச்சுக்கிட்டாங்க. பென்ட்ரி அந்தச் சிரிப்பு முடியுற வரைக்கும் அசையாம நின்னார். அப்புறம் மெதுவா, "டோரீன்?" அப்படின்னார். அந்தம்மா அவர் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க. பெருமையில அழுதாங்கன்னு மறுநாள் ஒரு பேப்பர்ல எழுதியிருந்தான்.

பென்ட்ரி கடைசி ஆள் போற வரைக்கும் நின்னு எல்லாருக்கும் கை கொடுத்தார்.

திரும்பி வர்றப்ப டோரீன் கார் ஓட்டுனாங்க. நான் முன்னால, அவர் பின்னால. ஊர் எல்லை தாண்டினதும் கேட்டார்: "முதல் படம். சொல்லு." சொன்னேன். இப்ப மறைச்சு என்ன ஆகப்போவுது? ரோஸ் எங்க, மஞ்சள் எங்க, எல்லாம் விவரமாச் சொன்னேன். "ரெண்டாவது" அப்படின்னார். அதையும் சொன்னேன். அஞ்சாவது சொல்லும்போது காரை நிறுத்தச் சொன்னார். எறங்கி வேலியைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைச்சுக்கிட்டு ஏறி உக்காந்து, "ஆறாவது" அப்படின்னார். பன்னெண்டையும் கேட்டார்.

அப்புறம், "ஏன்?" அப்படின்னார்.

இதுக்காகத்தான் காத்திருந்தேன். கிளாஸ்ல நடந்ததைச் சொன்னேன். உப்பளம், கத்தி, கை இருக்கு கண் இல்ல, பதினெட்டுப் பேர் சிரிச்சது, எல்லாம். அவர் யோசிச்சார். நெசமாவே யோசிச்சார். "எனக்கு ஞாபகம் இல்ல" அப்படின்னார்.

அதுதாம்மா எனக்கு இன்னைக்கும் ஆறல. ஒரு மனுசன் வாழ்க்கையை வழிச்சுப் போட்டுட்டு, ஞாபகம் இல்லையாம்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "அந்தத் தண்ணி நெசமாவே ரோஸாத்தான் இருக்குமா?"

"ஆமா."

"அப்ப நான்தான் தப்பு. உன் படத்தைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்க ஃபெர்னாண்டோ."

பாத்தீங்களா, எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டார்? பதினெட்டுப் பேர் முன்னால செஞ்சதுக்குக் காருக்குள்ள மன்னிப்பு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மறுநாள் காலையில என் பெட்டியை டோரீன் வாசல்ல கொண்டுவந்து வச்சாங்க. "அவர் உன் மேல கோவமா இல்ல செப். நான்தான் கோவமா இருக்கேன். போயிடு" அப்படின்னாங்க. தோட்டத்துல வச்சு நான் சொன்னதைக் கேட்டுப் பொய் சொன்னவங்களுக்கு என் மேல கோவமாம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. பேப்பர்காரனுங்க தலையில தூக்கிவச்சு ஆடுனானுங்க. ஒரு பெரிய மியூசியம் மூணு படத்தை வாங்கிச்சு. முப்பது வருசச் சேத்தை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, பென்ட்ரின்னாலே இந்தப் பன்னெண்டுதான்னு ஆக்கிட்டாங்க. அவர் வாயைத் திறக்கல. எப்படித் திறப்பார்? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லணும், என் சம்சாரம் என்னை ஏமாத்துனான்னு சொல்லணும். பாராட்டு வர வர மனுசன் வீட்டை விட்டு வெளிய வர்றதையே நிறுத்திட்டாராம். நான் கேலரிக்கு ரெண்டு கடுதாசி எழுதினேன், நிறத்துக்கு என் பேரையும் போடுங்கன்னு. பதில் இல்ல. அவருக்கே ஒரு கடுதாசி எழுதினேன். பேப்பர்ல வந்ததை எல்லாம் வெட்டி உள்ள வச்சு அனுப்பினேன், டோரீன் படிச்சுக் காட்டட்டும்னு. ஒரு ஆசிரியருக்கு மாணவன் செய்யுற மரியாதைதானே?

எழுபத்தஞ்சுல செத்தார். சேத்துல நடக்கப் போனவர் கடல் ஏறி வந்ததைக் கவனிக்கலன்னு பேப்பர்ல போட்டிருந்துது. கடல் எப்ப ஏறும் எப்ப வத்தும்னு முப்பது வருசமா மனப்பாடமா வச்சிருந்தவர்தான். கண்ணு தெரியாதுல்லா, அதான். நான் கூட இருந்திருந்தா அது நடந்திருக்காது. இதை டோரீனுக்கும் எழுதினேன்.

நான் ஊருக்கு வந்துட்டேன். பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியார். வரையலியான்னு கேட்காதீங்க. எனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு, அது அங்க மியூசியத்துல தொங்குது. யாரு பேர்லயோ தொங்குது.

இப்ப நீங்க வந்துட்டீங்க. ஆதாரம் கேட்டா அந்த ரோஸை எப்படிக் கலக்கணும்னு நான் சொல்லுதேன், அவங்க சோதிச்சுப் பாக்கட்டும். என்னத்தை எடுக்கீங்க பையிலேருந்து? போட்டோவா?

யாரு கொடுத்தா, டோரீனோட தங்கச்சி மகளா? அவங்க வீட்டு மாடியிலயா? அவர் வரைஞ்ச இன்னும் நாலு படமா?

பன்னெண்டுக்கு அப்புறம் அவர் வரையலம்மா. எனக்குத் தெரியாதா? டோரீன் ட்யூப்ல இருக்குற நிறத்துப் பேரைப் படிச்சுச் சொன்னாங்களா? அவரே கலந்தாரா? யார் சொன்னா? படத்துக்குப் பின்னால டோரீனே எழுதியிருக்காங்களா?

கொடுங்க. கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன். இந்த ஜன்னல் பக்கம் வாங்க.

ம்.

இது வீட்டுக்குப் பின்னால ஓடை திரும்புற எடம். காலை நேரம். கடல் வத்தி ஒரு மணி நேரம் இருக்கும்.

இந்த ஓரம் பாருங்க, இது சாம்பல் இல்ல. கத்தரிப்பூ லேசாக் கலந்திருக்கு. அதுக்கு மேல பச்சை ஓடுது, ஓடி, இந்தா, இந்த எடத்துல நின்னு போயிடுது. எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரிஞ்சுது? ஏழு மணி எடத்துல குளிர். அப்படியே குளிர். இதைப் பாக்கும்போது எனக்குக் கால் சில்லுன்னு ஆவுது. வெறும் பேரைக் கேட்டா? வெறும் பேரைக் கேட்டுக்கிட்டா இதைப் போட்டார்?

இருங்க. திருப்பி வாங்காதீங்க. இன்னும் பாக்கல.

அம்மா, ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. இந்த நாலையும் உங்க புத்தகத்துல போடாதீங்க. அவர் மேல வச்சிருக்கற மரியாதையில சொல்லுதேன். கை தளர்ந்து, மனசு உடைஞ்சு போன காலத்துல வரைஞ்சது. பாக்கறவங்க பாவம்னு நெனைப்பாங்க, கிழவன் பழையபடி சேத்துலயே போய் விழுந்துட்டான்னு நெனைப்பாங்க. செத்த மனுசனுக்கு அந்தக் கேவலம் எதுக்கு? அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க, மாடியிலயே இருக்கட்டும்னு. பன்னெண்டோட நிறுத்திக்கிடுங்க. அதுதான் அவருக்கும் மரியாதை.

போட்டோ என்கிட்டயே இருக்கட்டும். உங்களுக்கு இது எதுக்கு?